பாய்லர் ஓடுது... ரேடியேட்டர் ஏன் சில்லுனு கிடக்கு? குற்றவாளி பம்ப்தானா எனக் கண்டுபிடிப்பது எப்படி?

ரிப்பேர் கார்னர் - வாராவாரம் வீட்டுச் சாதனங்களின் கதை

டிசம்பர் பிறந்துவிட்டால் லண்டனிலும் பெர்லினிலும் ஓஸ்லோவிலும் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து ஊருக்கு வரும் வீடியோ கால்களில் ஒரு மாற்றம் தெரியும். வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர், தலையில் குல்லா, கையில் சுக்கு காபி. "ஹீட்டர் வேலை செய்யலைம்மா. ஆள் வர ரெண்டு நாள் ஆகுமாம்" என்ற வரியும் சில சமயம் சேர்ந்துகொள்ளும்.

இங்கிருந்து கேட்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. 'ஹீட்டர்தானே, புதுசா ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே' என்று தோன்றும். ஆனால், அங்கே ஹீட்டர் என்பது மூலையில் வைக்கும் ஒரு பெட்டி அல்ல. அது வீடு முழுக்கச் சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் ஓடும் ஒரு குழாய்க் கட்டமைப்பு. பிரிட்டனில் பெரும்பாலான வீடுகள் இப்படித்தான் சூடாகின்றன. குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் வெப்பமாவது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில், ஹீட்டிங் நின்றுபோவது வெறும் அசௌகரியம் இல்லை, உடல்நலப் பிரச்னை.

அப்படி நின்றுபோகும்போது முதலில் பழி விழுவது பெரும்பாலும் ஒரே ஆள் மீதுதான். 'பம்ப் போயிருக்கும்!' உண்மையில் பம்ப் போயிருக்கிறதா, அல்லது வேறு யாரோ செய்த தப்புக்கு பம்ப் தண்டனை அனுபவிக்கிறதா? ஆள் வருவதற்கு முன், வீட்டில் இருப்பவர்களே பாதி விடையைக் கண்டுபிடித்துவிட முடியும். அதற்கு டூல்ஸ் பெட்டிகூடத் தேவையில்லை. காதும் கையும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

பம்ப் என்ன செய்கிறது?

பாய்லர் தண்ணீரைச் சூடாக்குகிறது. அந்தச் சூடான தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வோர் அறையிலும் இருக்கும் ரேடியேட்டருக்குப் போய், அறைக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, ஆறிப்போய் மீண்டும் பாய்லருக்கே திரும்புகிறது. இந்தச் சுற்று ஓயாமல் நடக்க வேண்டும். சுற்ற வைப்பதுதான் சர்குலேஷன் பம்ப். உடம்புக்கு இதயம் எப்படியோ, அப்படி.

நம்மூர் மொட்டைமாடி சோலார் வாட்டர் ஹீட்டர்களில் பலவற்றுக்கு பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் லேசாகித் தானாக மேலே ஏறும். குளிர்ந்தது கீழே இறங்கும். அந்தக் கால ஐரோப்பிய வீடுகளிலும் இதே தத்துவம்தான். அதற்குத் தடிமனான குழாய்கள் வேண்டும். வீடு சூடாக நேரமும் பிடிக்கும். ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரைச் சேர்ந்த வில்ஹெல்ம் ஓப்லெண்டர் 1920-களின் இறுதியில் குழாயிலேயே பொருத்தக்கூடிய ஒரு சுற்றோட்டக் கருவியை உருவாக்கினார். அவர் பெயரின் சுருக்கம்தான் இன்று உலகம் முழுக்க பம்ப் விற்கும் 'வைலோ' நிறுவனம். இன்னொரு பெரிய பெயரான 'கிரண்ட்ஃபோஸ்' 1945-ல் டென்மார்க்கில் தொடங்கப்பட்டது. அதன் இந்தியத் தலைமை அலுவலகம் இருப்பது நம் சென்னையில்தான்.

இந்த பம்ப் கிணற்றுத் தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் போன்றது அல்ல. அதற்கு உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கும் வேலை இல்லை. ஏற்கெனவே நிறைந்திருக்கும் தண்ணீரைச் சுற்றிவிட்டால் போதும். அதனால் அளவும் சிறியது, சத்தமும் குறைவு. உள்ளே சுழலும் பகுதி, ஓடும் தண்ணீரிலேயே மூழ்கியிருக்கும். அந்தத் தண்ணீர்தான் அதற்கு எண்ணெய் மாதிரி. இதை மனதில் வைத்துக்கொள்வது அவசியம். ஏனென்றால், தண்ணீர் கெட்டால் பம்பும் கெடும்.

முதல் கேள்வி: பம்ப் எங்கே இருக்கிறது?

பிரிட்டிஷ் வீடுகளில் இரண்டு வகை பொதுவாக உண்டு.

ஒன்று, 'காம்பி' பாய்லர். சமையலறைச் சுவரில் ஒரே பெட்டி. தனியாகத் தண்ணீர் டேங்க் கிடையாது. பம்ப் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். இதன் உறையைத் திறக்கும் வேலையை வீட்டுக்காரர்கள் செய்யவே கூடாது. அது கேஸ் ஓடும் இடம்.

இரண்டாவது, பழைய பாணி. பாய்லர் ஓரிடம், சுடுநீர் சேமிக்கும் சிலிண்டர் மாடியில் ஓர் அலமாரிக்குள். அந்தச் சிலிண்டருக்குப் பக்கத்தில், குழாயின் நடுவே கைப்பிடி அளவில் உட்கார்ந்திருக்கும் சாதனம்தான் பம்ப். இதைத் தொட்டுப் பார்க்கலாம், காது வைத்துக் கேட்கலாம்.

கனடாவில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. டொரன்டோ பகுதியின் பெரும்பாலான வீடுகளில் தண்ணீருக்குப் பதில் சூடான காற்றுதான் குழாயில் வருகிறது. அங்கே பம்ப் கிடையாது. காற்றைத் தள்ளும் புளோயர்தான் உண்டு. ரேடியேட்டர் வைத்த பழைய வீடுகளுக்கு மட்டுமே இந்தக் கட்டுரை பொருந்தும்.

பம்பைச் சந்தேகிக்கும் முன் இந்த நான்கு!

1. யாராவது வெப்பம் கேட்கிறார்களா?

சிரிப்பாக இருந்தாலும் இதுதான் முதல் சோதனை. தெர்மோஸ்டாட்டில் பேட்டரி தீர்ந்திருக்கலாம். கரன்ட் போய் வந்ததில் டைமர் நேரம் மாறியிருக்கலாம். தெர்மோஸ்டாட்டை அறையின் இப்போதைய வெப்பத்தைவிட ஐந்து டிகிரி உயர்த்தி வைத்துப் பார்க்க வேண்டும். 'டிக்' என்று சத்தம் வந்து பாய்லர் எழுந்துகொண்டால், பிரச்னை அங்கேயே முடிந்தது. பாய்லருக்கான சுவிட்ச் பெட்டியில் ஒரு ஃபியூஸ் இருக்கும். அதையும் கவனிக்க வேண்டும்.

2. பிரஷர் எவ்வளவு?

காம்பி பாய்லரின் முகப்பில் ஒரு முள் அல்லது எண் இருக்கும். ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருப்பது சரி. அரை பாருக்கும் கீழே இறங்கினால் பல பாய்லர்கள் பாதுகாப்புக்காகத் தாமே நின்றுவிடும். இது பம்ப் பழுது இல்லை; தண்ணீர் குறைந்திருக்கிறது. நிரப்பும் குழாயைத் திறந்து அளவைச் சரிசெய்தால் போதும். அடிக்கடி இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள்.

3. எல்லா ரேடியேட்டரும் சில்லென்று இருக்கிறதா, ஒன்று மட்டுமா?

பம்ப் போனால் வீடு முழுக்கக் குளிரும். ஓர் அறை மட்டும் குளிர்ந்தால் பம்ப் நிரபராதி. அந்த ரேடியேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் திருகு வால்வு பல மாதங்கள் மூடியே இருந்து உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும்.

ரேடியேட்டரின் மேல்பாதி குளிர்ந்து கீழ்பாதி சுட்டால், உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை அணைத்து, ஆறவிட்டு, அதற்கான சிறு சாவியால் மேல்மூலைத் திருகைக் கால் சுற்று திறந்தால் 'உஸ்ஸ்' என்று காற்று வெளியேறும். தண்ணீர் வந்ததும் மூடிவிட வேண்டும். பிறகு பிரஷரை மறுபடி பார்க்க வேண்டும். காற்று போன இடத்துக்குத் தண்ணீர் தேவைப்படும். நேர்மாறாக, மேலே சுட்டு கீழே நடுப்பகுதி குளிர்ந்தால், உள்ளே துரு வண்டல் படிந்திருக்கிறது.

4. வெளியே உறைபனியா?

கடும்பனி இரவுக்கு மறுநாள் காலை பாய்லர் திடீரென நின்று, உள்ளே 'களக் களக்' என்று சத்தம் போட்டால், பாய்லரின் கழிவுநீரை வெளியே கொண்டுபோகும் சிறிய பிளாஸ்டிக் குழாய் உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுக்கு வெளியே, கைக்கெட்டும் உயரத்தில் இருந்தால், வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி இளக்கலாம். கொதிக்கும் தண்ணீர் கூடாது. குழாய் விரிசல் விடும். தண்ணீர் சிந்திய தரை சற்று நேரத்தில் ஐஸ் ஆகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த நான்கும் சரியாக இருந்து, வீடு முழுக்க ரேடியேட்டர்கள் குளிர்ந்தே கிடந்தால்தான் பம்ப் பக்கம் திரும்ப வேண்டும்.

சுடுநீர்க் குழாய் சொல்லும் ரகசியம்

சாட்சி சொல்ல ஒருவர் இருக்கிறார். அவர்தான் பாத்ரூம் சுடுநீர்க் குழாய்.

காம்பி பாய்லரில் குழாயைத் திறந்ததும், அதே பம்ப்தான் உள்ளே சூடான தண்ணீரைச் சுற்றவைத்து, குழாய்நீரைச் சூடாக்குகிறது. எனவே, குழாயில் சுடுநீர் தொடர்ந்து நன்றாக வந்து, ரேடியேட்டர்கள் மட்டும் குளிர்ந்தால், பம்ப் ஓடுகிறது. தண்ணீரை 'இந்தப் பக்கம், அந்தப் பக்கம்' என்று பிரித்து அனுப்பும் டைவர்ட்டர் வால்வு மீதுதான் சந்தேகம் போக வேண்டும். குழாயில் சில விநாடிகள் மட்டும் சூடாக வந்து, உடனே பச்சைத் தண்ணீராகி, ரேடியேட்டரும் சூடாகவில்லை என்றால் பம்பைச் சந்தேகிக்கலாம்.

சிலிண்டர் வைத்த வீட்டில் கொஞ்சம் கவனம் தேவை. புதிய அமைப்புகளில் சிலிண்டருக்கும் ரேடியேட்டருக்கும் ஒரே பம்ப். மிகப் பழைய வீடுகளில், சிலிண்டருக்குத் தண்ணீர் தானாகவே ஏறி இறங்கும். ரேடியேட்டருக்கு மட்டுமே பம்ப். அங்கே குழாயில் சுடுநீர் வருவது பம்ப் நன்றாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது. இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. சிலிண்டருக்குள் நம்மூர் கீசரில் இருப்பது போன்ற மின்சாரக் கம்பி இருக்கும். அது ஆன் ஆகியிருந்தால், பாய்லரே செத்துக்கிடந்தாலும் குழாயில் சுடுநீர் வரும். அதை அணைத்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

ஒரு வீட்டில் இப்படி நடந்தால்...

புரிவதற்காக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். லண்டனின் ஹாரோ பகுதியில் ஒரு வாடகை வீடு. பிரசவம் முடிந்து மூன்று வாரம் ஆன மகள். பார்த்துக்கொள்ள திருச்சியிலிருந்து போயிருக்கும் அம்மா. ஜனவரி மாதக் காலையில் ஒரு ரேடியேட்டர்கூடச் சூடாகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்து, "பம்ப் சத்தமே இல்லை. போயிடுச்சு. மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மகள் டைமரில் ஒரு சின்ன சோதனை செய்கிறாள். ஹீட்டிங்கை மட்டும் ஆன் செய்தாள். பம்ப் மௌனம், பாய்லரும் எழவில்லை. பிறகு ஹீட்டிங்கை அணைத்து, 'சுடுநீர்' பட்டனை மட்டும் ஆன் செய்தாள். சில விநாடிகளில் பாய்லர் எரிந்தது. பம்ப் மெல்ல ரீங்காரமிட்டது.

"என்னடி, ஓடுது! அந்த மனுஷன் போயிடுச்சுன்னு சொன்னாரே?"

"பம்ப் நல்லாத்தாம்மா இருக்கு. ஹீட்டிங் போட்டா மட்டும் அதுக்குக் கரன்ட் வரலை."

நடந்தது இதுதான். இதுபோன்ற வீடுகளில் சிலிண்டருக்கு ஒன்று, ரேடியேட்டருக்கு ஒன்று என இரண்டு மோட்டார் வால்வுகள் இருக்கும். தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்டால் முதலில் வால்வு திறக்கும். முழுதாகத் திறந்த பிறகு, அதற்குள் இருக்கும் சிறிய சுவிட்ச் அழுந்தி, பம்புக்கும் பாய்லருக்கும் கரன்ட் அனுப்பும். வால்வின் மோட்டார் எரிந்துபோனால் சுவிட்ச் அழுந்தாது. பம்ப் செத்ததுபோலவே இருக்கும். ஆனால், அது உத்தரவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

இந்த வால்வுகள் பலவற்றின் பக்கவாட்டில் ஒரு சிறு நெம்புகோல் உண்டு. ஹீட்டிங் ஆனில் இருக்கும்போது அது தளர்வாக நகர்ந்தால், மோட்டார் வால்வைத் திறந்துவிட்டது. ஸ்பிரிங் எதிர்ப்பது போல் இறுக்கமாக இருந்தால், வால்வு திறக்கவே இல்லை. 'பம்பை மாற்றுங்கள்' என்று அந்தக் குடும்பம் போன் செய்திருந்தால், நல்ல பம்ப் ஒன்று கழற்றி எறியப்பட்டிருக்கும். வீடும் சூடாகியிருக்காது.

பம்பே பேசும்... கேட்கத் தெரிய வேண்டும்

டூவீலர் மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதே வித்தை இங்கும் பலிக்கும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை பம்பின் உலோக உடலில் வைத்து, கைப்பிடியைக் காதருகே எலும்பில் ஒட்டினால் உள்ளே நடப்பது தெளிவாகக் கேட்கும். மின் இணைப்புப் பெட்டியில் மட்டும் நுனி படக் கூடாது.

சீரான மெல்லிய ரீங்காரம்: பம்ப் சுழல்கிறது. ஆனாலும் ரேடியேட்டர் குளிர்ந்தால், தண்ணீர் எங்கோ தடைபடுகிறது. பம்புக்கு இருபுறமும் இருக்கும் அடைப்பு வால்வுகள் யாராலோ மூடப்பட்டிருக்கலாம், காற்று அடைத்திருக்கலாம், உள்ளே இருக்கும் விசிறி உடைந்தோ வண்டலில் சிக்கியோ இருக்கலாம்.

'ம்ம்ம்...' என்ற முனகல், ஆனால் சுழற்சி இல்லை: இது சீலிங் ஃபேன் கதைதான். கண்டன்சர் போன ஃபேன் முனகிக்கொண்டு நிற்கும். கையால் சுழற்றிவிட்டால் ஓடும். பழைய வகை பம்புகளிலும் அதேபோல ஒரு கண்டன்சர் உண்டு. அது போயிருக்கலாம். அல்லது கோடைக்காலம் முழுக்க ஓடாமல் கிடந்து, உள்ளே துரு பிடித்து இறுகியிருக்கலாம்.

கரகர சத்தம், கல் உருள்வது போன்ற சத்தம்: காற்றுக்குமிழி, அல்லது தேய்ந்துபோன பேரிங். ரேடியேட்டர்களில் காற்றை வெளியேற்றிய பிறகும் சத்தம் தொடர்ந்தால் பம்புக்கு வயதாகிவிட்டது.

முழு மௌனம்: கரன்ட் வருகிறதா என்பதே கேள்வி. எலெக்ட்ரீஷியன் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பார். பம்பின் இணைப்பில் 230 வோல்ட் வந்தும் அது அசையவில்லை என்றால் பம்ப் போய்விட்டது. கரன்ட்டே வரவில்லை என்றால் குற்றவாளி வேறு யாரோ. கரன்ட் இருக்கும் பெட்டியைத் திறந்து அளப்பது தெரிந்தவர்களின் வேலை. யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை அல்ல.

காதுக்கு அடுத்து கை. பம்ப் நின்றிருந்தால் பாய்லரின் நடத்தையே காட்டிக்கொடுக்கும். எரிய ஆரம்பித்த சிறிது நேரத்தில் பாய்லரை ஒட்டிய குழாய் கடுமையாகச் சூடாகும், பாய்லர் தானாக அணையும், ஆறியதும் எரியும், மீண்டும் அணையும். சூட்டைக் கொண்டுபோக ஆள் இல்லாததால் வரும் தவிப்பு இது. குழாயில் 70, 80 டிகிரி வரை வெப்பம் இருக்கலாம் என்பதால் இறுகப் பிடிக்கக் கூடாது. புறங்கையால் லேசாகத் தொட்டு எடுத்தால் போதும்.

பம்ப் பாதி உயிரோடு இருந்தால்? பாய்லரிலிருந்து கிளம்பும் குழாய், பாய்லருக்குத் திரும்பும் குழாய் இரண்டிலும் சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்றைக் கட்டிப் பார்க்கலாம். வீடு சூடாகிச் சற்று நேரம் ஆன பிறகு, இரண்டுக்கும் வித்தியாசம் 10 முதல் 20 டிகிரிக்குள் இருப்பது இயல்பு. வித்தியாசம் அதைவிட மிக அதிகமாகவே நீடித்தால், தண்ணீர் மெதுவாக நகர்கிறது. பம்ப் பலவீனமாகியிருக்கலாம், அல்லது குழாயில் அடைப்பு இருக்கலாம்.

இறுகிய பம்பை விடுவிப்பது எப்படி?

பாய்லர் பெட்டிக்கு வெளியே இருக்கும் பழைய வகை பம்புக்கு மட்டுமே இது பொருந்தும். அதன் முகப்பின் நடுவில் அகலமான ஒரு திருகு இருக்கும்.

முதலில் மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் குறைப்பது போதாது. சுவிட்சை அணைத்து ஃபியூஸையும் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் நன்றாக ஆற வேண்டும். கீழே ஒரு துண்டையும் கிண்ணத்தையும் வைத்து, இருபுற அடைப்பு வால்வுகளையும் மூடிவிட்டு, நடுத்திருகை மெதுவாகக் கழற்றினால் கொஞ்சம் தண்ணீர் கசியும். உள்ளே தெரியும் அச்சின் முனையில் ஸ்க்ரூடிரைவருக்கான பள்ளம் இருக்கும். அதில் நுனியை வைத்து மென்மையாக இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும். இறுக்கம் விட்டு லேசாகச் சுற்ற ஆரம்பித்தால் வெற்றி. திருகை மூடி, வால்வுகளைத் திறந்து, கசிவு இல்லை என்று பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

புதிய பம்புகள் பலவற்றில் இந்தத் திருகு இல்லை. பதிலாக ஒரு சிறிய எல்.இ.டி விளக்கு இருக்கும். அதன் நிறமும் கண்சிமிட்டலும் என்ன பழுது என்பதைச் சொல்லும். அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் மின்சாரத்தை அதிகம் விழுங்கும் பழைய வகை பம்புகளை விற்பனையிலிருந்து வெளியேற்றி, 2015-ல் விதியை இன்னும் இறுக்கியது. நம்மூரில் பழைய ஃபேனுக்குப் பதில் பி.எல்.டி.சி ஃபேன் வந்ததைப் போன்ற மாற்றம் இது. புதிய பம்புக்குள் நிரந்தரக் காந்தம் இருக்கிறது. மின்சாரம் மிச்சம். ஆனால், தண்ணீரில் இரும்புத் துரு மிதந்தால் அந்தக் காந்தம் அதை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

அதனால்தான் ஒரு எச்சரிக்கை. ரேடியேட்டரிலிருந்து வரும் தண்ணீர் மை போலக் கறுப்பாக இருந்தால், வெறுமனே பம்பை மட்டும் மாற்றுவது வீண். குழாய்களைக் கழுவி, துருத்தடுப்பு மருந்து சேர்த்து, காந்த வடிகட்டி பொருத்தினால்தான் புது பம்ப் பிழைக்கும். பிரிட்டனின் பி.எஸ் 7593 தரநிலையும் சுத்தம் செய்வதையும் வடிகட்டி வைப்பதையும் வலியுறுத்துகிறது.

பழுதே இல்லாத 'பழுதுகள்'

* ஹீட்டிங் அணைந்த பிறகும் பம்ப் சில நிமிடங்கள் ஓடுகிறதா? பாய்லருக்குள் மிச்சமிருக்கும் சூட்டை வெளியேற்றுகிறது. இயல்புதான்.
* நடு இரவில் தானாக ஓடுகிறதா? குழாய் உறையாமல் இருக்க பாய்லரே செய்யும் பாதுகாப்பு வேலை.
* கோடையிலும் தினம் சில விநாடிகள் சத்தம் வருகிறதா? பம்ப் இறுகிவிடாமல் இருக்கப் பல பாய்லர்கள் அப்படி ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கும். இந்த வசதி இல்லாத பழைய அமைப்பு என்றால், கோடையில் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஹீட்டிங்கை ஓட்டிவிடுவது நல்லது.

இதையெல்லாம் செய்யவே கூடாது!

பாய்லர் நின்றுபோனால் ரீசெட் பட்டனை ஒருமுறை அழுத்தலாம். திரும்பத் திரும்ப அழுத்தக் கூடாது. அது நின்றதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

கேஸ் வாசனை வந்தால் சோதனை எல்லாம் வேண்டாம். சுவிட்ச் எதையும் தொடாமல், ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து பிரிட்டனின் கேஸ் அவசர எண்ணான 0800 111 999-ஐ அழைக்க வேண்டும். பாய்லர் ஜுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, பாய்லரைச் சுற்றிக் கரி படிந்தாலோ கார்பன் மோனாக்சைடு ஆபத்து. அதற்கு வாசனை கிடையாது. தலைவலியும் மயக்கமும் குமட்டலும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், உடனே வெளியேற வேண்டும். அலாரம் ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்கட்டும்.

குளிர் தாங்காமல் அடுப்புக்கரியையோ பார்பிக்யூ அடுப்பையோ வீட்டுக்குள் மூட்டுவதும், கேஸ் ஓவனைத் திறந்துவைத்துக் காய்வதும் உயிருக்கே உலை வைக்கும். ஹீட்டிங் சரியாகும்வரை எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் போதும். அதையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாமல், நேராகச் சுவர் பிளக்கில்தான் செருக வேண்டும். கதவைச் சாத்தி, எல்லோரும் ஒரே அறையில் இருப்பது இரவைக் கடத்த உதவும்.

வாடகை வீடு என்றால்...

இங்கிலாந்தில் சாதாரண வாடகை ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஹீட்டிங்கையும் சுடுநீர் வசதியையும் சரியாகப் பராமரித்துத் தர வேண்டியது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. 1985-ம் ஆண்டின் சட்டத்தின் 11-வது பிரிவு இதைச் சொல்கிறது. எனவே, பம்பைத் தாமாகக் கழற்றுவதைவிட, தேதியோடு எழுத்தில் தகவல் அனுப்புவதே புத்திசாலித்தனம். போனில் சொன்னாலும், உடனே ஒரு மெசேஜோ மெயிலோ அனுப்பிவிட வேண்டும். வீட்டில் கைக்குழந்தையோ முதியவரோ இருந்தால் அதையும் அதில் குறிப்பிட வேண்டும்.

கேஸ் பாய்லரைத் தொட வருபவர் 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். 2009 முதல் பிரிட்டனில் நடைமுறையில் இருக்கும் பதிவேடு இது. வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். அட்டையின் பின்பக்கத்தில் அவர் எந்தெந்த வேலைகளைச் செய்யத் தகுதி பெற்றவர் என்பதும் இருக்கும்.

போனில் சொல்ல வேண்டிய ஆறு விஷயங்கள்

'ஹீட்டர் வேலை செய்யலை' என்று மட்டும் சொன்னால், வருபவர் முதலில் இருந்து தேட வேண்டும். கீழே உள்ளவற்றைக் குறித்துவைத்துச் சொன்னால், சரியான உதிரிபாகத்தோடு வர வாய்ப்பு அதிகம்.

1. பாய்லரின் கம்பெனி, மாடல், திரையில் தெரியும் எரர் எண்.
2. ஆறிய நிலையில் பிரஷர் எவ்வளவு.
3. எல்லா ரேடியேட்டரும் குளிர்கிறதா, சில மட்டுமா, மேலா, கீழா.
4. குழாயில் சுடுநீர் வருகிறதா. எவ்வளவு நேரம் வருகிறது.
5. பம்பின் சத்தம்: மௌனமா, முனகலா, கரகரப்பா, சீரான ரீங்காரமா. ஹீட்டிங் மட்டும் ஆனில் இருக்கும்போதும், சுடுநீர் மட்டும் ஆனில் இருக்கும்போதும் வித்தியாசம் உண்டா.
6. எங்காவது கசிவு உண்டா. ரேடியேட்டர் தண்ணீரின் நிறம் என்ன.

பம்பின் உடலில் ஒட்டியிருக்கும் லேபிளை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. 'பம்பை மாற்ற வேண்டும்' என்று வருபவர் சொன்னால், "கரன்ட் வருகிறதா என்று அளந்தீர்களா? வால்வு திறக்கிறதா?" என்ற இரண்டு கேள்விகளை மட்டும் பணிவாகக் கேட்கலாம். நல்ல டெக்னீஷியன் கோபப்பட மாட்டார். மீட்டரைக் காட்டியே பதில் சொல்வார்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், இந்த ஆறு விஷயங்களையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவைக்கலாம். குளிர்காலம் தொடங்கும் முன், அக்டோபரிலேயே ஒருநாள் ஹீட்டிங்கை ஓட்டிப் பார்க்கச் சொல்வது அதைவிட நல்லது. அப்போது பழுது தெரிந்தால், ஆள் வரும்வரை காத்திருக்கும் அந்த இரண்டு நாள் ஸ்வெட்டரோடு முடிந்துபோகும்.